மலைக்கு மேற்கே விழுந்த மழை

சிவகிரிக்கு மேற்கே நிற்கும் மலையின் முதுகு மழையை இரண்டாகப் பங்கு வைக்கிறது. கிழக்கே விழுந்தது எங்கள் ஓடைகளில் இறங்கிக் குளங்களை நிரப்பி நெல்லுக்கும் எலுமிச்சைக்கும் போகும். மேற்கே விழுந்தது பெரியாறு. காற்று ஒரு முழம் தள்ளினால் போதும், துளி போய்ச் சேரும் கடலே மாறிவிடும். 244 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடல் பக்கம் போகிற அந்த ஆறு, ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் சிவகிரி மலையில் பிறக்கிறது என்றுதான் புவியியல் நூல்கள் எழுதுகின்றன. முல்லைப் பெரியாறு வழக்கில் இதுவும் ஒரு வாதமாக ஓடியது. 5,398 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 114 தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது என்பது நம் பக்கத்துக் கணக்கு. வக்கீல்கள் தண்ணீரின் அளவை அங்குலம் அங்குலமாகப் பேசினார்கள். அந்தத் தண்ணீர் போகிற வழியில் எதையெல்லாம் ஏற்றிக்கொள்கிறது, அதில் வாழும் மீனுக்கு என்ன ஆகிறது என்பது எந்தத் தரப்பின் மனுவிலும் பெரிதாக இடம்பெறவில்லை. அதைத்தான் இங்கே பின்தொடரப் போகிறேன்.

பிறந்த இடத்தில் அதில் ஒன்றும் இல்லை. பாறை, சருகு, அட்டை, குளிர். புலிகள் காப்பகத்துக்குள் ஏறக்குறைய 48 கிலோமீட்டர் வடக்கே ஓடி முல்லையாற்றோடு சேரும்வரை அதன் கரையில் ஊர் என்று சொல்லத்தக்கதாக எதுவும் கிடையாது. குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு பலம் உண்டு, அது காற்றைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். கடல்மட்ட அழுத்தத்தில் 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 15 டிகிரியில் பத்து. மலை உயர உயரக் காற்று மெலிவதால் இதில் கொஞ்சம் குறையும். ஆனாலும் கல்லில் மோதி நுரைத்து ஓடுகிற ஓடைக்கு அந்தக் குறை தெரியாது. அப்படிப்பட்ட தண்ணீருக்கென்றே உடம்பைப் பழக்கிக்கொண்ட மீன்கள் அங்கே இருக்கின்றன.

அவற்றில் ஒன்றை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1941-ல் பி. சுந்தர ராஜ் விவரித்துப் பெயரிட்ட மீன், லெபிடோபைகாப்சிஸ் டைப்பஸ். அவர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தவர். ஆங்கிலத்தில் பெரியார் ட்ரவுட் என்கிறார்கள், கேரளத்தில் பிரம்மணகண்ட. நீண்ட ஒல்லி உடம்பு, வளர்ந்தால் சுமார் ஒரு சாண். மலவாயை ஒட்டி இரண்டு பக்கமும் பெரிய செதில்கள் வரிசை கட்டி உறை மாதிரி நிற்கும். இந்த உறை இமயமலைப் பனிநீர் மீன்களின் அடையாளம். காஷ்மீரத்து ஆறுகளில் இருக்க வேண்டிய கூட்டத்தில் ஒன்று இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் திருவிதாங்கூர் மலையில் எப்படி வந்தது என்று விலங்கியலார் பல காலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த மரபணு ஆய்வுகள் அதை மஷீர் மீன்களின் உறவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தன. உறவு யாரோடு என்றாலும் விலாசம் ஒன்றுதான்: உலகத்தில் பெரியாற்றின் இந்த மேல்பகுதியைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. அழியும் நிலையில் உள்ளது என்று பட்டியலிட்டிருக்கிறார்கள்.

அந்த மீனின் செவுளைப் பற்றி ஒரு வார்த்தை. செவுளுக்குள் ரத்தம் ஒரு திசையிலும் அதைக் கடக்கும் தண்ணீர் எதிர்த்திசையிலும் ஓடும். இந்த எதிரோட்டத்தால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனில் பெரும்பங்கை மீன் உறிஞ்சிவிடும். நம் நுரையீரலால் காற்றிலிருந்து இந்த விகிதத்தில் எடுக்க முடியாது. உறிஞ்சுவதில் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருப்பதுதான் வினை. கரைந்திருப்பது ஆக்சிஜனா, செம்பா, பூச்சிமருந்தா என்று செவுளின் மெல்லிய தோல் தரம் பிரிப்பதில்லை. மனிதன் ஒரு விஷத்தைத் தின்றாலோ குடித்தாலோதான் பெரும்பாலும் உள்ளே போகும். மீனுக்கோ மூச்சு விட்டாலே போதும், இருபத்துநாலு மணி நேரமும்.

தண்ணீர் கீழே வந்து முதலில் மாட்டுகிற இடம் முல்லைப் பெரியாறு அணை. 1895 அக்டோபரில் திறந்தது, பென்னிகுவிக் கட்டியது. தேனி, மதுரைப் பக்கம் அவர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கிறார்கள், நியாயமான நன்றி. மூழ்கிப்போன காட்டின் பட்டுப்போன மரங்கள் தேக்கடி ஏரியில் இன்னும் நட்டுக்குத்தலாக நிற்பதைப் படகில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் இங்கே 26 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து நிற்கிறது, வெயில் வாங்குகிறது. நின்ற நீர் ஓடை மீனுக்கு ஒத்துவராது. அதில் சாதாக் கெண்டையும் ஜிலேபியும் பெருகின. ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எட்டிப்பார்த்தது. ஏரியில் மீன் பிடிக்க உரிமை உள்ள மன்னான், பளியர் மக்களின் வலையில் விழுவதில் பெரும்பகுதி வெளியூர் மீன்தான். வேதிப்பொருள் மட்டும்தான் மாசு என்று நான் நினைப்பதில்லை. ஒரு ஏரிக்குள் மனிதன் கொண்டுவந்து விட்டு, பிறகு திரும்ப எடுக்க முடியாத எதுவும் அந்தக் கணக்கில் வரும்.

இனி வழி பிரிகிறது. வரும் தண்ணீரில் பெரும்பங்கு மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் புகுந்து கிழக்கே லோயர் கேம்ப் வந்துவிடும். எஞ்சியது மேற்கே இடுக்கிக்குப் போகும். 1976-ல் இயங்கத் தொடங்கிய அந்த வில் அணையின் தண்ணீரும் மூலமற்றம் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு மூவாற்றுப்புழை ஆற்றில்தான் விழுகிறது, பெரியாற்றில் அல்ல. ஆகவே சிவகிரி மலைத் துளி பெரியாற்றின் முகத்துவாரம் வரை போவது, 2018 ஆகஸ்ட் மாதிரி மதகுகளை எல்லாம் திறந்துவிட்ட வெள்ளக் காலங்களில் மட்டும் நடக்கிற காரியம். மற்ற நாட்களில் கீழ்ப்பெரியாற்றில் ஓடுவது மூணாற்றிலிருந்து இறங்கும் முதிரப்புழையும் இடமலையாறும் கொண்டுவரும் நீர். ஒரு தாய் பிள்ளைகள்தான், ஆனால் வேறு வேறு வீட்டுக்கு வாக்கப்பட்டவை.

அணைக்குக் கீழேயும் பக்கத்திலும் உள்ள சரிவுகளில் ஏலத்தோட்டங்கள். வண்டன்மேடு, பாம்பாடும்பாறை, உடும்பன்சோலை என்று பெயர்களைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் தலையாட்டுவார். போடி, கம்பம், தேவாரம் பகுதியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற கூட்டம் ஒன்று; எங்கள் ஊர்களிலிருந்து போய் அங்கேயே லயத்தில் தங்கிவிட்ட கூட்டம் இன்னொன்று. அப்படித் தங்கி, வயதாகித் திரும்பிய உறவினர் ஒருவரிடம் கேட்டேன்.

“என்ன மருந்து மாமா அடிப்பீங்க?”

“பேரெல்லாம் யாருக்கு மருமவனே தெரியும்? சூப்ரவைசர் டப்பாவக் குடுப்பாரு. டிரம்முல ஊத்திக் கலக்குவோம், ஓஸ இழுத்து அடிப்போம். தண்ணி எங்க கெடக்கோ அங்கதான டிரம் வைக்க முடியும்?”

“அடிச்சு முடிஞ்சதும் டிரம்மக் கழுவுறது?”

“அங்கனயேதான்.”

அங்கனயே என்றால் ஓடை. இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம், பெட்ரோலில் ஓடும் பம்பு, சரிவில் ஏறியும் இறங்கியும் கிடக்கும் ஓஸ். மாதம் ஒரு சுற்று அடிப்பது அங்கே சாதாரணம். தோட்டக்காரரை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். இலைப்பேன் சுரண்டிச் சொறி விழுந்த ஏலக்காய்க்கு ஏலமையத்தில் விலை விழுந்துவிடும், அதுதான் அவர் கண் முன்னால் நிற்கிறது. வாங்குகிற நாம் பச்சைப் பசேலென்று, வடு இல்லாத காய்தான் வேண்டும் என்கிறோம். பாயசத்தில் மிதக்கப்போகிற காய்க்கு எதற்கு இத்தனை அழகு என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

இந்த மருந்துகளில் சைப்பர்மெத்ரின் முதலான பைரித்ராய்டு வகை, பாலூட்டிகளுக்குப் பெரிய ஆபத்தில்லை என்று பெயர் எடுத்தவை. நம் ஈரல் அவற்றை வெட்டித் தள்ளிவிடும். மீனின் ஈரலுக்கு அந்த வேகம் கிடையாது. இன்னொரு குணமும் உண்டு, அது மலைக்கு வெளியே பலருக்குத் தெரியாது. பைரித்ராய்டும் டிடிடியும் குளிர்ந்த தண்ணீரில் கூடுதல் கொடியவை. சூடு குறையக் குறைய நரம்பில் அவற்றின் பிடி இறுகும், அவை சிதைந்து மறைவதும் தாமதமாகும். சமவெளியின் வெதுவெதுப்பான குளத்துக்குப் பார்த்து வைத்த அளவு, குளிர் ஓடைக்குப் பொருந்தாது. எண்டோசல்ஃபான் கதை தனி. ரெயின்போ டிரௌட் மீன்களில் பாதியை நான்கு நாளில் கொல்ல லிட்டருக்கு ஒன்றரை மைக்ரோகிராம் அளவே போதும் என்று சோதனைகள் காட்டின. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. காசர்கோட்டு மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு 2011 மே 13-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது இந்தப் பெரிய பெயர்கள் அல்ல, மயில்துத்தம். எஸ்டேட்டில் துரிசு என்பார்கள். சுண்ணாம்போடு கலந்தால் போர்டோ கலவை. ஏலத்தின் அழுகல் நோய்க்கும் காப்பிக்கும் கீழே கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கும் நூறு வருஷமாக விசுவாசமான மருந்து. இயற்கை விவசாயம் செய்கிறவர்களே கூச்சமில்லாமல் அடிப்பார்கள். அதில் இருப்பது செம்பு. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் முதல் இருபது வரை செம்பு கலந்தாலே சால்மன் குஞ்சுகளின் மோப்ப நரம்புகள் மந்தமாகிவிடுகின்றன என்று அமெரிக்காவின் பசிபிக் கரையில் செய்த ஆய்வுகள் காட்டின. அந்த அளவில் மீன் சாகாது, நன்றாக நீந்தும், தின்னும்.

மோப்பம் போனால் என்ன என்று கேட்கலாம். 1938-ல் கார்ல் வான் ஃபிரிஷ், தேனீ நடனத்தைப் படித்து நோபல் வாங்கியவர், சிறு கெண்டைகளில் ஒரு விஷயம் கண்டார். ஒரு மீனின் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு பொருள் நீரில் கசியும். அதை மோந்ததும் கூட்டம் முழுவதும் சட்டென்று ஒடுங்கும், அடியில் பதுங்கும். நம் மலையோடை மீன்களில் பெரும்பாலானவை அந்தக் கெண்டைக் குடும்பம். துரிசுத் தண்ணீரில் வளர்ந்த குஞ்சுக்கு இந்த எச்சரிக்கை எட்டாது. பக்கத்தில் ஒன்றை விரால் கவ்வும்போது மற்றவை அப்படியே நிற்கும். நீர்நாய்க்கும் மீன்கொத்திக்கும் அன்றைக்கு விருந்து. ஓடையில் ஒரு செத்த மீன்கூட மிதக்காது. பத்து வருஷம் கழித்து யாராவது வந்து, முன்னெல்லாம் இங்கே மீன் நிறைய இருக்கும் என்பார்கள். மழை குறைஞ்சு போச்சு என்று இன்னொருவர் காரணம் சொல்வார்.

மீன் செத்து மிதந்தால்தான் நாம் மாசு என்கிறோம். குளிர்நீரின் கேடுகளில் பாதி பிணம் காட்டாதவை. இதற்கு நான் படித்ததில் மிகத் துல்லியமான சாட்சி நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரி. 1950களின் நடுவில் அங்கே பிடித்த ஏரி டிரௌட் மீன்களின் முட்டையைப் பொரிப்பகத்தில் வைத்தார்கள். முட்டை பொரிந்தது. குஞ்சுகள் வயிற்றில் மஞ்சள்கருப் பையோடு நீந்தின. அந்தப் பை கரைந்து தீர்கிற கட்டத்தில் அத்தனையும் செத்தன, அடுத்த வருஷமும் அதே கதை. சுற்றியுள்ள காடுகளில் பூச்சிக்கு அடித்த டிடிடி நீரில் இறங்கி, பூச்சியிலும் சிறு மீனிலும் ஏறி, தாய் மீனின் கொழுப்பில் தங்கி, அங்கிருந்து முட்டையின் மஞ்சள்கருவுக்குப் போயிருந்தது. குஞ்சு தாய் கொடுத்த கடைசிக் கவளத்தைத் தின்னும்போது முழு விஷத்தையும் தின்றது. 1964-ல் ஆய்வு வெளியானது. ஏரியில் பெரிய மீன்கள் அதுவரை ஆரோக்கியமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. தூண்டில்காரர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

நம் ஊரிலும் டிரௌட் உண்டு. 1907-ல் எச்.சி. வில்சன் நீலகிரியில் அவலாஞ்சியில் பொரிப்பகம் தொடங்கினார். மூணாற்றுத் துரைமார்களும் தூண்டில் விளையாட்டுக்காக ராஜமலைப் பக்கத்து ஓடைகளில் அந்த மீன்களை விட்டார்கள். அந்த ஓடைகளும் பெரியாற்று நீர்ப்பிடிப்புதான். அதே சரிவில் தேயிலை கிள்ளியவர்கள் பெரும்பாலும் எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். துரையின் தட்டில் டிரௌட், லயத்தில் கருவாடு.

இனி சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வந்த தண்ணீர். இதுதான் உண்மையில் சிவகிரி மலையின் மூத்த பிள்ளை. லோயர் கேம்பில் மின்சாரம் கொடுத்து, கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லையும் திராட்சையையும் நனைத்து, வைகையில் கலக்கிறது. அங்கே இன்னொரு மலையிலிருந்து இன்னொரு தண்ணீரும் வந்து சேர்கிறது. அதன் பின்கதை கொஞ்சம் நீளம்.

கொடைக்கானலில் பாம்பார்ச் சோலையை ஒட்டி 1980களின் தொடக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த ஆலையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். முதலில் பாண்ட்ஸ் கையில் இருந்தது, 1998 இணைப்புக்குப் பின் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் அமெரிக்காவிலிருந்து வரும், காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயாகி வெளிநாட்டுக்கே போகும். நம் மலையில் தங்கியது சிந்தியதும் உடைந்ததும்தான். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக்கடையில் பாதரசம் ஒட்டிய உடைகண்ணாடி 7.4 டன் கிடப்பதை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் ஊர்வலம் போயின, அந்த மாதமே ஆலை மூடியது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடியில் கப்பல் ஏறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஒரு நச்சு வந்த வழியே திரும்பிப் போனது அபூர்வம்.

திரும்பிப் போக முடியாதது ஏரிகளில் இருந்தது. அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்தார் கொடைக்கானல், பேரிஜம், குக்கல் ஏரிகளின் தண்ணீரையும் சேற்றையும் மீனையும் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். கொடைக்கானல் ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம். மற்ற இரண்டிலும் அதைவிட மிகக் குறைவு. கொடைக்கானல் மீனில் கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம். இந்த எண்ணைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். பல நாடுகள் உண்ணும் மீனுக்கு வைத்திருக்கிற வரம்பு 500 மைக்ரோகிராம். அதைவிட இது குறைவு. பரவாயில்லை என்று சொல்ல விரும்புகிறவர் இந்த எண்ணைக் காட்டலாம். 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் வெட்டிய, 24 ஹெக்டேர் மட்டுமே உள்ள, அக்கம்பக்கத்தில் சுரங்கமோ எரிமலையோ இல்லாத ஒரு மலை ஏரியில் அந்தப் பாதரசத்துக்கு என்ன வேலை என்று கேட்பவரும் இதே எண்ணைத்தான் காட்டுவார்.

சேற்றில் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். கொடைக்கானல் ஏரிச் சேற்றில் இருந்ததில் ஏறக்குறைய ஆறு சதவீதம் இந்த வடிவத்தில் இருந்தது. மீனின் தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிற வடிவம் இது. டிடிடி என்றால் கொழுப்பைச் சீவி எறிந்தாவது கொஞ்சம் தப்பிக்கலாம். இதை எந்தக் குழம்பில் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் குறையாது. ஆலைக்குப் பின்னாலிருந்து இறங்கும் பாம்பாறு, கும்பக்கரை அருவியாகக் கொட்டிப் பெரியகுளம் பக்கம் வராக நதியோடு சேர்ந்து வைகைக்கு வருகிறது. சிவகிரி மலையின் சுத்தமான தண்ணீருக்குச் சம்பந்தி இப்படி வாய்த்தது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. மண்ணைச் சுத்தப்படுத்த, கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வைத்தது. சோலைக்காட்டின் விளிம்பில், ஓடையின் தலைமாட்டில் அந்த வரம்பு மிகத் தாராளம் என்பது எதிர்த்தவர்களின் வாதம். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

மேற்கே போன கிளையின் கடைசிப் பகுதி எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கொச்சிக்கு மேலே ஏலூர்-எடையார் தொழிற்பேட்டை. 1940களில் உர ஆலை, பிறகு காஸ்டிக் சோடா, துத்தநாகம், டிடிடி, எண்டோசல்ஃபான். ஜார்ஜ் ஏரியின் குஞ்சுகளைக் கொன்ற அதே டிடிடியை மலேரியா ஒழிப்புக்காக அரசு நிறுவனம் இங்கே பல பத்தாண்டுகள் தயாரித்தது. கிரீன்பீஸ் 1999-ல் குழிக்கண்டம் தோட்டின் சேற்றை அள்ளிப் பார்த்தபோது அதில் நூற்றுக்கு மேற்பட்ட கரிம வேதிப்பொருள்கள் இருந்தன. 2004 ஜூலை 6-ல் எண்டோசல்ஃபான் பிரிவில் தீப்பிடித்து ஊரே வெளியேறியது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது பெருங்கொச்சி 75.08 வாங்கிக் கடும் மாசுப் பட்டியலில் ஏறியது.

2024 மே 20 இரவிலிருந்து அங்கே நடந்தது தொலைக்காட்சியில் வந்தது. உப்புநீர் ஏறாமல் தடுக்கிற பாதாளம் மதகைத் திறந்ததும் கீழே கரிமீனும் மற்றவையும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. வராப்புழை, கடமக்குடி, சேரானல்லூர் பக்கத்தில் கடன் வாங்கிக் கூண்டில் மீன் வளர்த்தவர்கள் ஒரே ராத்திரியில் கையேந்தும் நிலைக்கு வந்தார்கள். செத்த மீனைக் கூடைகூடையாக அள்ளி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஏலூர் அலுவலகத்தின் முன்னால் கொட்டினார்கள். ஆக்சிஜன் குறைந்ததுதான் காரணம் என்றது வாரியம். அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்தன என்றது மீன்வளப் பல்கலைக்கழகம். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் பதில்கள் என்று பத்திரிகைகள் எழுதின. மூடிய மதகுக்குப் பின்னால் மாதக்கணக்கில் அழுகிக் கிடந்த சேற்றில் ஆக்சிஜன் தீர்வதும் சல்பைடு பிறப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு முகம். அந்தச் சேறு யாருடையது என்பதுதான் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

பிணம் மிதந்தால் காரணம் உடனே தெரிந்துவிடும் என்றும் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் மழை பெய்தவுடன் கோஹோ சால்மன்கள் முட்டையிடாமலே ஓடையில் துடித்துச் செத்ததை 1990களிலிருந்து பார்த்தார்கள். கார் டயர் தேயும்போது உதிரும் துகளில் இருக்கும் ஒரு ரசாயனம், ஓசோன் பட்டு மாறியது, அதுதான் கொலைகாரன் என்று பிடிபட்டது 2020 கடைசியில். கண் முன்னால் செத்த மீனுக்கே இத்தனை காலம். மோப்பம் இழந்த கெண்டைக்கு யார் பிரேதப் பரிசோதனை செய்யப்போகிறார்கள்?

எங்கள் வட்டாரத்தில் பெரியாற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் அது செண்பகவல்லி தடுப்பணையில்தான் போய் நிற்கும். திருவிதாங்கூர் மன்னரும் சிவகிரி ஜமீனும் பேசி வைத்து, மேற்கே ஓடும் தண்ணீரில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்ப மலைமேல் கட்டிய சுவர். உடைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அடைத்துத் தாருங்கள் என்று சிவகிரி, வாசுதேவநல்லூர் விவசாயிகள் கேட்காத அரசு இல்லை. குளம் வறண்டு கிடக்கும் வருஷத்தில் அந்தக் கோரிக்கையின் நியாயத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை, அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போட்டபோது யோசிக்காத ஒன்று இப்போது நெருடுகிறது. மேலிருந்து வரும் சுத்தமான நீர் குறைந்தால் கீழே டிரம் கழுவின அதே மருந்துக்குச் செறிவு ஏறும். கோடையில் ஓடை கணுக்காலளவு ஓடும்போது எடுக்கிற ஒரு பங்கும் ஐப்பசி வெள்ளத்தில் எடுக்கிற ஒரு பங்கும் மீனுக்கு ஒன்றில்லை. அதனால் சுவரைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. மனுவில் கன அடிக் கணக்குக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம் என்று சங்கத்துக்காரர்களிடம் சொன்னேன்: தை முதல் வைகாசி வரை திருப்பக் கூடாது, மழைக்காலத் தண்ணீர் மட்டும் போதும். கூட்டத்தில் ஒருவர், “அண்ணாச்சி, முதல்ல சுவரு வரட்டும், அப்புறம் மீனப் பாப்போம்” என்றார். மனு பழைய வாசகத்தோடேயே தாசில்தார் அலுவலகத்துக்குப் போனது.